ஓகருக்கு ஒரு முறைதான்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட வாற எல்லாருக்கும் முதலில் வருகிற ஆசை ஒன்றுதான்: பெரிய ராட்சதன் ஒன்றோடு சண்டை பிடிக்க வேண்டும். குட்டிக் கொப்ளின்களை வெட்டி என்ன பெருமை? எங்கட மேசையிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கோரிக்கை வரும். ஒரு வருசமாக விளையாடியதில் எங்களுக்கு விளங்கியது இதுதான்: பெரிய உருவம் பலமா பலவீனமா என்பது அது எங்கே நிற்கிறது, அதுக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதுக்குள்ளே போவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதை டைஸ் சொல்லும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டார்கள். அதைப் பிரின்ட் எடுத்துத்தான் எங்கட ஆட்டம். பிரிஸ்டல் போர்ட்டில் ஓர் அங்குலக் கட்டங்கள் கீறியிருக்கிறோம். ஒரு கட்டம் ஐந்தடி. நாங்கள் சட்டைப் பொத்தான்கள், கொப்ளின்கள் புளியங்கொட்டைகள், ஓகர் ஜாம் போத்தல் மூடி.

அந்த மூடியிலிருந்தே தொடங்குவோம். ஓகர் எண்டது ஏறக்குறையப் பத்தடி உயரப் பூதம். விதிப்படி 59 ஹிட் பொயின்ட். அதைக் கொன்றால் 450 அனுபவப் புள்ளி. ஒரு கொப்ளினுக்கு 7 ஹிட் பொயின்ட், 50 புள்ளி. அப்போ ஒன்பது கொப்ளின்கள் சேர்ந்தால் அதே 450. உயிரும் 63, கிட்டத்தட்டச் சமன். தாளில் பார்த்தால் தராசு நேராக நிற்கிறது.

மேசையில் நிற்காது. ஓகருக்கு ஒரு சுற்றில் ஒரு அடிதான். பட்டால் சராசரி 13. ஒன்பது கொப்ளின்களுக்கு ஒன்பது அடி, பட்டால் ஒவ்வொன்றும் 5. ஆர்மர் கிளாஸ் 16 உள்ள ஒருவரை அடிப்பதாக வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஓகர் இருபது பக்க டைஸில் 10 போட வேண்டும், கொப்ளின் 12 போட வேண்டும். தவறுகிற அடிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஓகர் தருவது சுமார் 7. கொப்ளின் கூட்டம் தருவது 20. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! நடத்துபவருக்கான கையேடும் இதை ஒத்துக்கொள்கிறது: ஏழு முதல் பத்து எதிரிகள் வந்தால் மொத்தப் புள்ளியை 2.5ஆல் பெருக்கித்தான் சண்டையின் கடினத்தை அளக்கச் சொல்கிறது.

அப்போ பெரிசால பிரயோசனமே இல்லையா? இருக்கு. கொப்ளின் ஒவ்வொன்றாய் விழ விழ அவர்களின் அடியும் குறையும். ஓகர் 59இல் நிற்கும்போதும் 13தான், 1இல் நிற்கும்போதும் அதே 13தான். அடுத்தது, நெருப்புக்குண்டு. பயர்போல் மந்திரம் சராசரி 28 அடிக்கும். நெருங்கி நிற்கிற கொப்ளின்கள் பாதி அடியில் தப்பினாலும் எல்லாம் சரி. ஓகர் முழு அடியும் வாங்கிவிட்டு 31 பொயின்டோடு நடந்து வரும். மூன்றாவது, பயம். முதல் மட்டத்தில் 8 பொயின்டோடு இருக்கிற மந்திரவாதிக்கு அந்தத் தடியால் ஒரே அடியில் 16 விழுந்தால் மயக்கம் எல்லாம் கிடையாது, நேரே சாவுதான்.

உருவத்தின் கணக்கு இன்னும் சுவாரசியம். ஓகர் நான்கு கட்டம் பிடிக்கும். அதைச் சுற்றி 12 கட்டங்கள். அத்தனைக்கும் அதின்ர தடி எட்டும். எங்கள் அளவுள்ள ஒருவருக்கு எட்டுவது 8தான். ஆனால் அந்த 12 கட்டங்களிலும் நாங்களும் நிற்கலாம். அது எங்களைத் தொடக்கூடிய இடமெல்லாம் நாங்கள் அதைத் தொடக்கூடிய இடம். விலகி ஓடுபவரை அது அடிக்கலாம்தான், ஆனால் அந்தப் பதிலடி சுற்றுக்கு ஒன்று. ஒருவர் அதை வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் வடிவாகப் போய்விடலாம். தன்னைவிட இரண்டு அளவு பெரிய எதிரியின் இடத்துக்குள்ளால் நடக்கவும் விதி இருக்கிறது. ஆகவே சின்ன உருவமுள்ள ஹாஃப்லிங் ஓகரின் காலுக்கிடையால் போகலாம். நடை மட்டும் மெதுவாகும்.

எங்கள் மேசையில் ஹாஃப்லிங்காக விளையாடுவது முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி. நாலு கிழமையாக "நான் அடிக்கிறன்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஐந்தாம் கிழமை ஜாம் மூடி வந்தபோது கட்டங்களை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அது நாலு கட்டம் பிடிக்குதெண்டா, இந்த ஒரு கட்டக் கதவால எப்பிடி உள்ள வரும்?"

எல்லாரும் விதித்தாளைப் புரட்டினோம். நெருக்கிக்கொண்டு வரலாம். ஆனால் ஓரடி போக இரண்டடி செலவு. அடிக்கும்போது இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அதை அடிக்கிறவர்கள் இரண்டு உருட்டிக் கூடினதை எடுக்கலாம். பத்தடிப் பூதம் கதவு நிலைக்குள் இறுகி நின்றது. பிறகு பெரிய வாக்குவாதம்: அது வெளியே நின்று ஈட்டி எறியலாமே? அதனிடம் ஈட்டியும் இருக்கிறது. "புத்தி 5 உள்ள ஒண்டுக்கு அது யோசனை வருமா?" என்று அவளே திருப்பிக் கேட்டாள். அதோடு வாக்குவாதம் முடிந்தது.

பெரிய ஒன்றைத் தனியாகக் கொண்டுவருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓகரின் மனவுறுதி மிகக் குறைவு. சிரிக்க வைக்கிற ஒரு முதல் மட்ட மந்திரம் பட்டால் விழுந்து கிடந்து சிரிக்கும்; எதிரணி முழுக்க அதோடு முடிந்தது. கொப்ளின் ஒன்று சிரித்தால் மிச்சம் எட்டு. விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு மற்றவர்களின் முறை முடிகிற இடங்களில் செய்ய மூன்று மேலதிகச் செயல்களும், மந்திரத்தை உதறித்தள்ள நாளுக்கு மூன்று வாய்ப்புகளும் கொடுத்திருக்கிறார்கள். 256 ஹிட் பொயின்ட் இருந்தும் முறை போதவில்லை!

ஆனால் எங்களுக்கு இந்தக் கேள்வி சண்டையோடு முடியவில்லை. நடத்துகிற அக்காவைத் தவிர நாங்கள் ஐந்து பேர். ஒன்பது கொப்ளின் வந்தால் ஒரு சுற்றுக்கு 14 முறை. முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் 28 நிமிடத்துக்கு ஒருக்காத்தான் ஒருவர் வாய் திறக்கலாம். ஓகர் என்றால் 12 நிமிடம். ஹொஸ்டல் கேற் பூட்ட முதல் கிடைக்கிற மூன்று மணித்தியாலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அதோடு விதிகள் எல்லாம் இங்கிலிஷ். எங்களில் பாதிப்பேர் தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்கள். கொப்ளின் அடித்துவிட்டு ஒளியும், நழுவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, ஒரு விதிவிலக்கு. ஆர் வேகமா வாசிக்கினமோ அவையின்ர சண்டையாகத்தான் அது முடியும். ஓகரை விளங்கிக்கொள்ள ஒரு பந்தியும் வாசிக்கத் தேவையில்லை. பெரிசு, கிட்டப் போனா அடிக்கும், கதவுக்குள்ளால வராது. போர்டைப் பார்க்கக் கண் இருந்தால் போதும், யோசனை சொல்லலாம். முறைகள் குறைவென்பது ஓகருக்குத் தோல்வி. மிச்சமாகிற அந்த நேரம் மேசையில் பேசாமல் இருக்கிறவருக்குப் போகிறது.

இப்போ எங்கள் வழக்கம் இது. ஒரு ஓகர், நாலு கொப்ளின். ஓகர் வெட்டவெளியில், இரண்டு கட்டத்துக்குக் குறையாத வாசலோடு. கொப்ளின்கள் அதின்ர முதுகுக்குப் பின்னால். முன்னால் நிற்கிற உடம்பு அரை மறைவு தருவதால் அம்பு எய்வது கஷ்டம். சுற்றுக்குப் பத்து முறை. அதுக்கு மேல் போவதில்லை.

புதிதாக மேசை போடுகிறவர்களுக்கு ஒன்று: ராட்சதனைத் தெரிவு செய்ய முதல் அதின்ர ஹிட் பொயின்டைப் பார்க்காதீர்கள். உங்கள் மேசையில் ஆர் குறைவாகக் கதைக்கினம் எண்டு பாருங்கோ. அவைக்கு அடுத்த முறை எப்ப வரும் எண்டு எண்ணுங்கோ. பிறகு மூடியை எடுக்கிறதா, புளியங்கொட்டையை எடுக்கிறதா எண்டு முடிவெடுக்கலாம்.