தென்னை மறைத்த துருவம்

நாகர்கோவிலில் வாத்தியாராக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போவோம். அவர்களுக்கு மிருகக்காட்சிசாலைதான் முக்கியம். எனக்கோ பி.எம்.ஜி. சந்திப்புப் பக்கம் இருக்கும் பிரியதர்சினி கோளரங்கம். சீட்டு வாங்கி உள்ளே நுழையும்வரை, "சார், புலி எப்போ?" என்று எவனாவது நச்சரித்துக்கொண்டே வருவான்.

சாய்வு இருக்கையில் எல்லாரும் மல்லாந்ததும் விளக்குகள் மங்கும். 'ஓ'வென்று ஒரு கூச்சல். நடுவே ஆயிரங்கண்ணுடையாளைப் போல உடம்பெல்லாம் கண்ணாக நிற்கும் எந்திரம் திரும்பத் தொடங்கும். விளக்கம் மலையாளத்தில்தான். 1956 வரை ஒரே ஆட்சியில் இருந்த ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன சிரமம்? விளக்குபவர் ஒளி அம்பை வடக்கு ஓரத்தில், தொடுவானத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும் ஒரு புள்ளியில் நிறுத்துவார். துருவ நட்சத்திரம். ஊரின் அட்சரேகை எட்டரை பாகை. துருவமும் அந்த உயரத்தில்தான் நிற்கும். வெளியே நாலு தென்னை போதும், அதை மறைக்க. பிறகு வானத்தையே சாய்த்து எங்களை வடதுருவத்துக்குக் கொண்டுபோவார். அந்தப் புள்ளி ஏறி ஏறி உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். கரும்பலகையில் நான் மல்லுக்கட்டிய பாடம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இந்த ஊருக்கு வானம் புதிதல்ல. மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் இங்கே வானாய்வகம் அமைத்தார்; கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் வந்த பிரவுன், பூமியின் காந்தத்தை அளக்க அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். அட்டைக்கடியும் மழையும் உள்ள அந்த மலையில் கருவிகளை ஏற்றியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் நம் பாடநூல்கள் இன்னும் துருவத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. நமக்கு வாய்த்த சொத்து தெற்கே இருக்கிறது. மாசியில் முன்னிரவில் அகத்திய நட்சத்திரம் கிட்டத்தட்ட முப்பது பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கும். லண்டனில் அது உதிப்பதே இல்லை.

கோளரங்கம் போகிறவர்கள் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இடவப்பாதி மழை இறங்குமுன், மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு, தெற்கே மரமும் விளக்கும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். தென்சிலுவை நேர் எதிரே நிற்கும். அதற்கு இடப்பக்கம் தெரியும் இரண்டு பிரகாசமான விண்மீன்களில் தள்ளியிருப்பது ஆல்ஃபா சென்டாரி. பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.