கண்ணாடி பார்க்கும் கடல் கன்னி

பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தை என்ற சதுக்கத்தில் பிளான்டின் என்ற அச்சகக்காரரின் வீடு இருக்கிறது. 1576-ல் அவர் அங்கே குடிபுகுந்தார். அதே வருஷம் நவம்பரில் ஸ்பானியச் சிப்பாய்கள் ஊரையே சூறையாடினார்கள். அச்சகத்தைக் காப்பாற்ற, மனிதர் ஒன்பது தடவை பணம் அழுதாராம்! அந்தப் புண்ணியத்தினால்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைய முடிகிறது. 1877 முதல் அது பொருட்காட்சிச்சாலை.

முற்றத்தில் திராட்சைக் கொடி. உள்ளே 1600-ஐ ஒட்டிச் செய்த இரண்டு மர அச்சு யந்திரங்கள். நான் தேடிப் போனதோ ஆர்ட்டீலியஸின் தேசப்படங்களை.

ஆர்ட்டீலியஸ் தகப்பனாரை இளமையிலேயே இழந்தவர். தேசப்படங்களுக்கு வர்ணம் தீட்டிப் பிழைத்தார். சகோதரிகளும் கை கொடுத்தார்கள். அவ்வூர்க் கப்பல் வியாபாரி ஹூஃப்ட்மனுக்கு ஒரு சங்கடம். பெரிய பெரிய படங்களைச் சிறிய அறையில் எப்படி விரிப்பது? எல்லாவற்றையும் ஒரே அளவுத் தாளில் சேர்த்துக் கட்டித் தரும்படி ஆர்ட்டீலியஸைக் கேட்டாராம். பிறந்தது யோசனை! 1570 மே 20-ந் தேதி 53 தாள்கள் கொண்ட புத்தகம் வெளிவந்தது. யார் யாருடைய படங்களைப் பார்த்து வரைந்தாரோ, அவர்கள் பெயரையெல்லாம் மறைக்காமல் அச்சிட்டார். (எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?) 'அட்லாஸ்' என்ற பெயர் வந்ததோ 1595-ல், அவருடைய சிநேகிதர் மெர்க்கேட்டர் காலமான மறு வருஷம் வெளியான புத்தகத்தால்.

செப்புத் தகட்டில் செதுக்குவது லேசான காரியமல்ல. ஊர்ப் பெயர் ஒவ்வொன்றையும் இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். உளி வழுக்கினால் தகட்டின் பின்புறம் தட்டி, முன்புறம் தேய்த்து, மறுபடி ஆரம்பம்! பிறகு மையைப் பூசித் துடைத்தால் கோடுகளின் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் உலகம் தாளில் ஏறிவிடும்.

அந்த 1570-ம் வருஷப் புத்தகத்தில் நம் பக்கத்துப் படமும் உண்டு. கடலில் ராட்சத மீன்கள் ஒரு கப்பலைப் பிடித்து ஆட்டுகின்றன. சற்றுத் தள்ளி ஒரு கடல் கன்னி, கப்பல் என்ன ஆனால் என்ன என்று, கையில் கண்ணாடியைப் பிடித்து முகம் பார்த்துக் கொண்டிருக்கிறாள்!