முட்டையின் மூப்பு

நாமக்கல்லைச் சூழ்ந்த பண்ணைகளிற் பெட்டைக் கோழிகள் சேவலைக் காணாமலே முட்டையிடுகின்றன. அம்முட்டையின் மஞ்சட்கரு ஒற்றை உயிரணுவே. சேவலின் அணு கூடாமையின் அது குஞ்சாவதில்லை. அதுபற்றிப் பெட்டையை மலடியென்று பழிப்பார் ஒருவருமிலர். மாந்தர்க்கு மட்டும் வேறு நியாயம்.

மனித முட்டையோ ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கினது. விந்தணுவை லீவன்ஹூக் 1677-லேயே கண்டார். பாலூட்டிகளின் முட்டையை, ஒரு நாயினிடத்து, வான் பேயர் கண்டது 1827-லேதான். ஆயினும் இரண்டனுள் மூத்தது முட்டையே. பெண்மகவு தாய்வயிற்றில் ஐந்து திங்கட் கருவாயிருக்கும்போதே அதன் சூலகங்களில் 60, 70 இலட்சம் முட்டையணுக்கள் உள. பிறக்குங்கால் 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்துங்கால் 3, 4 இலட்சம். முதிர்ந்து வெளிப்படுவன வாழ்நாளில் ஏறக்குறைய 400. குரோமோசோம்கள் 46-ஐ 23 ஆக்கும் பகுப்பினைத் தாய்வயிற்றிலேயே தொடங்கி, இடையில் நிறுத்தி, அவை ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடக்கின்றன. சூலகத்தை விட்டு வெளிப்படுந் தறுவாயில் முதற்பகுப்பு முடியும். விந்தணு உட்புகுந்தாலன்றி இரண்டாவது முடியாது.

ஆகவே யாம் உருவான முட்டை எம் அம்மாயியின் வயிற்றினுள் இருந்ததென்பது உவமையன்று, உண்மை. எம் தாயைச் சுமந்துகொண்டு அவர் இராசிபுரத்தருகே மரவள்ளிக் காட்டிற் களை வெட்டினாராம். அக்களைவெட்டிற்கு யாமும் உடன் சென்றோம் போலும்!

ஆண்பாலார் கணக்கு வேறு. பருவமெய்திய பின்னரே விரைகளின் நுண்குழல்களில் நாடோறும் கோடிக்கணக்கில் விந்தணுக்கள் பிறக்கின்றன. ஒன்று உருப்பெற எழுபது நாளளவு செல்லும். பின்னும் இரு வாரம் வேறொரு குழலிற் றங்கியே நீந்தும் வலிமை பெறும். உடற்சூட்டினும் இரண்டு மூன்று பாகை குறைந்த குளிர்ச்சி வேண்டுமாதலின் விரைகள் புறத்தே அமைந்தன. ஒரு கடுங்காய்ச்சலே சில திங்கள் இவ்வேலையைக் குலைக்கவல்லது. மகப்பேறின்மை நேர்ந்த இல்லங்களுள் ஏறத்தாழப் பாதியில் ஆண்பாற் குறையும் கலந்துள்ளதென்பர் மருத்துவர். அகராதியில் 'மலடன்' என்னுஞ் சொல்லும் உண்டு. எம் தெருவில் அதனை யாம் கேட்டதில்லை.

எம் பெரியம்மா பதினெட்டாண்டு அப்பழியைச் சுமந்தார். சபையார் அன்னாளின் கதை கூறித் தேற்றினர்; உறவினர் வளைகாப்பு வீடுகளிற் பின்னே நிறுத்தினர். சோதனைகள் யாவும் அவருக்கே நடந்தன. பெரியப்பாவைச் சோதிக்கச் சொன்னார் எவருமிலர். சென்ற தை மாதத்தில் பெரியப்பா தாமே சேலத்திற்குச் சென்று சோதித்துக்கொண்டு மீண்டார். முடிவு யாதென எவர்க்கும் உரைத்திலர். அடுத்து வந்த வளைகாப்பிற்குப் பெரியம்மாவைத் தாமே அழைத்துச்சென்று முன்வரிசையில் இருத்தினார்.