கதவு திறந்திருக்கும் நேரம்

மருத்துவமோ செவிலியர் பணியோ படித்துவிட்டுக் கிராமத்துக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சேர்ந்த புதிது. ஊரின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுக்க, அச்சடித்த படிவங்களோடு காலை பத்து மணிக்குத் தெருவில் இறங்கினோம். நடவுக் காலம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் இருந்த பெரியவர்களைக் கேட்டுக் காய்ச்சல், சொறி, மூட்டுவலி என்று எழுதி மேலே அனுப்பினோம். படிவங்கள் நிறைந்துவிட்டன. வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியிடம்கூட நாங்கள் பேசியிருக்கவில்லை.

அந்தப் பெண்கள் பிறகு நீர்க்கடுப்போடு என்னிடம் வந்தார்கள். மாத்திரை கொடுப்பேன்; குணமாகும்; இரண்டு மாதத்தில் அதே முகம் மறுபடி வரிசையில் நிற்கும். "நிறையத் தண்ணீர் குடிங்கம்மா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. ஒருநாள் அங்கன்வாடி ஆயா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டாக்டரய்யா, அதுங்க மறந்துபோயா தண்ணி குடிக்காம இருக்குதுங்க? குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? வயல்ல ஒரு மறைப்பு உண்டா? பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கெடக்கணும்."

மூன்று ஆண்டுகளாக நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகளை அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். நோயின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. காரணம் ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் ஒரே ஊரில்தான் வேலை பார்த்தோம்.

அப்போதுதான் ஜாம்கேட் எனக்கு உண்மையில் புரிந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே தம்பதி 1970-இல் மகாராஷ்டிரத்தின் அந்த வறண்ட பகுதிக்குப் போனார்கள். அவர்கள் கையில் மருத்துவம் இருந்தது. மக்கள் முதலில் கேட்டதோ சோறும் தண்ணீரும். அவர்கள் அதிலிருந்தே தொடங்கினார்கள். ஊரார் தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் நலத்தைத் திட்டமிடுவதில் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978-இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் கூடிச் சொல்வதற்கு முன்பே, ஜாம்கேட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

நாங்களும் மறுபடி தொடங்கினோம். ஆயா, கிராம சுகாதார செவிலியர், பள்ளி ஆசிரியர், ஊராட்சித் தலைவர் எல்லோரும் சேர்ந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டோம். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எந்த இடத்தில் நின்று கேட்கிறோமோ, அந்த இடத்துக்கு வரக்கூடியவர்களின் பதில்தான் நமக்குக் கிடைக்கும். அடுத்த கூட்டத்தைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றினோம், மாலை ஏழு மணிக்கு. பெண்கள் கோலமாவால் ஊரையே தரையில் வரைந்தார்கள். எது முதல் தேவையோ அங்கே புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம். பெரிய குவியல் கழிப்பறைக்கு, அடுத்தது காலனிக் குழாய்க்கு. நோய்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. முதலில் கட்டிய கழிப்பறைகளுக்குத் தண்ணீர் வரவில்லை. அவற்றில் வைக்கோல் அடுக்கினார்கள். சிலர் சலித்து விலகினார்கள். குழாய் கேட்டு மனு கொடுத்த பெண்கள் மட்டும் விடவில்லை; ஆறு ஆண்டுகள் நடந்தார்கள். குழாய் வந்தது. நீர்க்கடுப்பு அடியோடு போய்விடவில்லை, ஆனால் வரிசை பாதியாகக் குறைந்தது.

எங்களுக்கு இல்லாதவை இன்று உங்களுக்கு இருக்கின்றன. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஊர்தோறும் சுகாதாரக் குழுவும், அதன் செலவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் தந்தது. அந்தக் குழுவின் நோட்டு கையெழுத்துக்காக வீடு வீடாகப் போகிறது என்றால் அது குழுவே அல்ல. உங்கள் ஊரில் அப்படி இருந்தால், முதலில் அதை உட்கார்ந்து பேசும் குழுவாக்குங்கள்.

கணக்கெடுக்கப் போகும்போது வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு போங்கள். அங்கன்வாடி ஆயாவையும் உடன் அழைத்துப் போங்கள், பிள்ளைகளே.