ஓரெழுத்துப் பிழை

எழுத்துப் பிழையைப் பொறுத்தலாகாது என்று இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு உபதேசம் செய்து வருபவன் நான். அத்தகைய எனக்கே ஓரெழுத்துக் கற்பித்த பாடத்தை இங்கே கூறிவிடுகிறேன்.

என் அன்னையார் எண்பது வயதைக் கடந்தவர். அவர் பேச்சிலே வரும் பழஞ்சொற்கள் பல எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே இன்று விளங்குவதில்லை. அவற்றைத் திரட்டி வைக்க விரும்பிக் கணினியிலே ஒரு கோப்பை உண்டாக்கினேன். அம்மா சொல்லச் சொல்ல நான் பதிந்து வந்தேன். ஆறு மாதத்திலே முந்நூறு சொற்கள் சேர்ந்தன.

இதனிடையே, உயர்தர வகுப்பிலே பயிலும் என் மகளைப் பார்த்து எனக்கும் பைதன் மொழி கற்கும் ஆசை பிறந்தது. ஒல்லாந்து நாட்டவராகிய கைடோ வான் ரோசம் 1991ஆம் ஆண்டிலே வெளியிட்ட கணினிமொழி அது. அன்றாடம் ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக் கோப்பிலே சேர்க்கும் சிறு செய்நிரல் ஒன்றை நானே எழுதினேன். கோப்பைத் திறக்கும் கட்டளையில், எதன்பொருட்டுத் திறக்கின்றோம் என்பதை ஓரெழுத்தால் உணர்த்தல் வேண்டும். எழுதுவதற்கு உரியது 'டபிள்யூ' என்று படித்திருந்தேன், அதனையே இட்டேன்.

அன்று அம்மா சொன்ன சொல் 'பிளா'. கூழ் குடிப்பதற்காகப் பனையோலையை மடித்துக் கோலும் கலம் அது. செய்நிரல் தடையின்றி ஓடியது. மகிழ்ச்சியோடு கோப்பைத் திறந்து பார்த்தேன். 'பிளா' மட்டுமே அங்கே இருந்தது. முந்நூறு சொற்களையும் காணோம்! வேறு பிரதியும் நான் எடுத்து வைக்கவில்லை.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா, 'டபிள்யூ' போட்டால் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். சேர்த்து எழுத 'ஏ' போட வேண்டும்" என்றாள்.

"புதிய சொல்லை எழுதும்போதா அழிகிறது?"

"இல்லை அப்பா, திறந்தவுடனேயே அழிந்துவிடும். ஒன்றும் எழுதாமல் மூடினாலும் வெறுங்கோப்புத்தான் மிஞ்சும்."

'ஏ' என்று இட்டுத் திறந்தால் பழையது அப்படியே இருக்க, புதியது இறுதியிலே சேரும்; ஆனால் அடுத்த வரிக்குச் செல்லும் குறியை நாமே இடாவிடின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'எக்ஸ்' என்று இட்டால், அப்பெயரில் முன்பே கோப்பு இருக்குமாயின் கணினி திறக்க மறுத்துவிடும். இவ்வளவையும் அன்றே கற்றேன். கற்க வேண்டியது முதல்நாள்.

குற்றவாளியைப்போல் அம்மாவிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, திரும்பவும் சொல்லுறன், எழுது" என்று சிரித்தார்.

மறுபடியும் தொடங்கினோம். மூன்று மாதத்தில் இருநூறு சொற்கள் மீண்டன. மற்றவை அவர் நினைவுக்கும் வரவில்லை. என் நினைவுக்கும் வரவில்லை. கணினியில் இருக்கின்றதே என்ற துணிவினால் நான் அவற்றை மனத்தில் இருத்தவில்லை என்பதே உண்மை.

இப்போது செய்நிரலில் 'ஏ' இருக்கின்றது. கோப்பின் பிரதியொன்று மகளிடமும் இருக்கின்றது. ஆயினும் மாலைதோறும் அன்றைய சொல்லை வீட்டிலே எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறோம். பிள்ளைகள் பிழையாகச் சொன்னால் அம்மா திருத்துகிறார்.