சாணும் திரையும்

பட்டர்வொர்த்தில் வாழ்வோர்க்குப் பினாங்குப் பாலம் பழகிய காட்சி. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல் செல்கிறது. அத்துணைப் பெரிய பாலத்தையும் கணினித் திரை தன் ஓரடி அகலத்துள் அடக்கிக் காட்டிவிடும். மறுநொடியே ஒரு திருகாணியை முறத்தளவு பெருக்கியும் காட்டும். ஆனால், உள்ளதை உள்ள அளவிலேயே காட்டுவதுதான் அதற்கு அரிது. இவ்வுண்மையை என் மாணவன் ஒருவனிடமிருந்து நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

ஆண்டு ஆறின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்கு அன்று ஆசிரியர் வரவில்லை. நானே வகுப்பில் நுழைந்தேன். மணிலா அட்டையில் எழுதுகோல் பெட்டி செய்வது பாடம். பெட்டியின் வடிவம் கணினியில் வரையப்பட்டிருந்தது. உயரம் 100 மில்லிமீட்டர், மேல்விளிம்பு வளைவானது. எனவே, படத்தை ‘100 விழுக்காடு’ அளவில் நிறுத்தி, மெல்லிய தாளைத் திரைமேல் வைத்துப் படியெடுக்குமாறு பணித்தேன். குழுவுக்கு ஒரு பக்கம், ஒரு கணினி.

ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, படத்தில் 100 என்று எழுதியிருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் 86தான் வருகிறது” என்றான்.

“கணினி பிழை செய்யுமா, தம்பி? உன் அளவுகோலைச் சரியாகப் பிடி” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான்.

பாட முடிவில் பெட்டியின் பக்கங்களை ஒட்ட முயன்றோம். மடிக்கணினியில் படியெடுத்த பக்கம் குட்டையாகவும், பெரிய திரையில் படியெடுத்த பக்கம் நெட்டையாகவும் நின்றன. பெட்டி கூடவில்லை.

அன்றிரவு காரணத்தைத் தேடினேன். கணினி மில்லிமீட்டரில் காட்டுவதில்லை, புள்ளிகளில் காட்டுகிறது. ஓர் அங்குலத்திற்கு 96 புள்ளிகள் என்பது பல நிரல்கள் கொள்ளும் கணக்கு. அதன்படி 100 மில்லிமீட்டர் என்பது 378 புள்ளிகள். ஆனால், எங்கள் 14 அங்குல மடிக்கணினியில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 112 புள்ளிகள் நெருங்கியுள்ளன. 24 அங்குலத் திரையிலோ 92 புள்ளிகளே. ஆகவே, அதே 378 புள்ளிகள் ஒன்றில் 86 மில்லிமீட்டராகவும் மற்றொன்றில் 104 மில்லிமீட்டராகவும் விரிந்தன. நம் முன்னோர் சாணாலும் முழத்தாலும் அளந்தனர். கைக்குக் கை சாண் மாறுவதுபோல், திரைக்குத் திரை புள்ளியும் மாறுகிறது. சிறுவனின் அளவுகோல் பொய் சொல்லவில்லை. என் நம்பிக்கையே பொய்த்தது.

தீர்வு என் சட்டைப்பையிலேயே இருந்தது. அடையாள அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர். அதே அளவில் திரையில் ஒரு செவ்வகம் வரைந்து, அட்டையை அதன்மேல் வைத்து, இரண்டும் பொருந்தும்வரை படத்தைப் பெருக்கினேன். மடிக்கணினியில் 117 விழுக்காட்டில் பொருந்தியது. அந்நிலையில் நிறுத்தியபின் பெட்டியின் உயரமும் அளவுகோலில் 100 மில்லிமீட்டராகவே நின்றது.

அட்டையைப் பொருத்துவது எளிதாயிற்று. பிழையை ஒப்புக்கொள்வது எளிதாயில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக் கல்லூரியில், ‘மாணவன் வினவும்போது முதலில் செவிகொடு’ என்று எங்களுக்குச் சொல்லித் தந்தனர். பிறகு எத்தனையோ இளம் ஆசிரியர்களுக்கு நானும் அதையே சொல்லியிருக்கிறேன். சொன்னவனே மறந்தேன் அல்லவா?

திங்கட்கிழமைச் சபைகூடலில் அம்மாணவனை மேடைக்கு அழைத்தேன். “பிழை உன் அளவுகோலில் இல்லை, தம்பி, என்னிடம்தான்” என்று அனைவர் முன்னிலையிலும் கூறினேன். அவன் சற்றே தயங்கி, “இன்று எல்லாத் திரையையும் அளந்து பார்க்கலாமா, ஐயா?” என்று கேட்டான்.

அளந்தோம். அவ்வாரம் செய்த பெட்டி, பக்கத்தோடு பக்கம் பொருந்தி, என் மேசைமீது இன்றும் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “ஐயா, அளவு சரியில்லை” என்னும்போதெல்லாம், விடை சொல்லுமுன் அப்பெட்டியை நினைத்துக்கொள்கிறேன்.