புளியமரத்தில் ஓர் ஓரா

இந்தோனேசியாவின் லபுவான் பாஜோவிலிருந்து இரண்டு மணி நேரம் படகில் போய், ரின்ச்சா தீவின் லோ புவாயா துறையில் இறங்கினேன். ஆகஸ்ட் மாதம், புல்மேடுகள் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தன. அவற்றின் நடுவே ஒற்றை ஒற்றையாகப் பனைமரங்கள். நம்மூர்ப் பனையேதான், இங்கே லோந்தார் என்கிறார்கள்.

வனக்காவலர் கையில் துப்பாக்கி இல்லை, நீளமான கவட்டைக் கம்புதான். "ஓடக் கூடாது, என்னைத் தாண்டிப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

மரக்கால்கள்மேல் நின்ற சமையற்கட்டின் நிழலில் அது படுத்திருந்தது. கொமோடோ பேருடும்பு. இந்தத் தீவுக்காரர்களுக்கு அது ஓரா. 1912-இல் பீட்டர் ஓவென்ஸ் அறிவியல் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் வைத்த பெயர். மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தலையைத் தூக்கி, மஞ்சள் நிறப் பிளவு நாக்கை நீட்டிக் காற்றைத் தடவியது. சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் பிணத்தையும் அந்த நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

உடும்புப் பிடி என்று நாம் சொல்வது நகத்தின் வலுவை. ஓராவின் வலு பல்லில். தாடை அழுத்தம் பெரிதல்ல. கடித்தவுடன் பின்னுக்கு இழுத்துக் கிழிக்கிறது. அதன் அழுக்கு எச்சில்தான் இரையைக் கொல்கிறது என்று பல காலம் எழுதிவந்தார்கள். ஆனால் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதையும், அந்த நஞ்சு இரத்தம் உறையவிடாமல் செய்வதையும் ஆய்வாளர் பிரையன் ஃபிரையின் குழு 2009-இல் எடுத்துக்காட்டியது. பல்லின் அரவிளிம்பில் இரும்புப் பூச்சு இருப்பது 2024-இல் தெரியவந்தது.

தீவில் தனித்துக் கிடந்ததால் சிறு பல்லி இப்படிப் பெருத்தது என்றே நானும் படித்திருந்தேன். குவீன்ஸ்லாந்தில் கிடைத்த, முப்பது லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய எலும்புகள் வேறு கதை சொல்கின்றன: ஆஸ்திரேலியாவிலேயே இது இந்த அளவில்தான் இருந்திருக்கிறது. இன்று அங்கே இதுவும் இல்லை, இதைவிடப் பெரிய மெகலானியா என்ற பேருடும்பும் இல்லை. தீவு இதைப் பெரிதாக்கவில்லை, காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை அறிந்த பிறகு அந்த நிழலில் படுத்திருந்த ஓராவைப் பார்க்கும்போது மனம் கனத்தது. 2021-இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கடல் உயர்ந்தால் முதலில் மூழ்குவது, இவை வாழும் இதே தாழ்வான பள்ளத்தாக்குகள்தான்.

உள்ளே போகும் வழியில் ஒரு மண்மேடு. மேட்டுக்கோழி முட்டையைப் பொதித்துவைக்கக் குவித்தது. அதையே ஓரா பெட்டைகள் தோண்டி, சுமார் இருபது முட்டை இடும். குஞ்சு பொரிய எட்டு மாதம் ஆகும். வெளியே வந்ததும் குஞ்சு மரமேறியாக வேண்டும், இல்லையென்றால் பெரிய ஓராக்களே தின்றுவிடும். அவை உடல் கனத்து, ஏறும் திறனை இழந்தவை.

காவலர் கம்பால் மேலே காட்டினார். புளியமரம். அதில் ஓர் ஓராக் குஞ்சு, நாலு மாதம் இருக்கும். மஞ்சள் புள்ளிகள், முழங்கை நீளம். காற்று கிளையை உலுக்கியது. பட்டையில் பதித்த நகங்களை அது எடுக்கவில்லை. உடும்புப் பிடி.